நெல்லுக்கு வேலியிட்டவர் சந்நிதியில்

திருநெல்வேலி டவுணில், மேல ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் அந்தப் பழைய வீடு இருக்கிறது. கூடத்துச் சுவரில் பஞ்சாங்கம் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஐந்து காகித உறைகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை, ஒவ்வோர் உறையிலும் ஒரு கிழமையின் பெயர் நீல மையால் எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே ஒவ்வொரு முகக்கவசம். அன்றைக்கு அணிந்ததைத் திரும்பி வந்ததும் அதே உறையில் இட்டுவிட்டால், அடுத்த வாரம் அதே கிழமையில்தான் அது மறுபடி வெளியே வரும். அதற்குள் நன்றாகக் காய்ந்திருக்கும். பட்டை தளர்ந்தாலோ, நனைந்தாலோ, அழுக்கேறினாலோ அதைக் கழித்துவிட்டுப் புதியது வைப்பார்கள். துவைப்பதில்லை. சோப்பு நீரில் நனைத்தால் நுண்துகளை ஈர்த்துப் பிடிக்கும் ஆற்றல் அந்தத் துணிக்குப் போய்விடும்.

அவ்வீட்டுப் பெரியவருக்கு வயது எழுபத்தாறு. தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விடியலில் நீராடித் திருநீறு அணிந்ததும், அன்றைய உறையிலிருந்து முகக்கவசத்தை எடுத்துக் கண்ணாடி முன் நின்று அணிந்துகொள்வார். மூக்கின்மேல் படியும் மெல்லிய கம்பியை இரு விரல்களால் அழுத்திவிட்டு, ஒருமுறை வலுவாக மூச்சு விட்டுப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்விளிம்பில் காற்று கசிகிறது என்று பொருள், மீண்டும் சரிசெய்வார். அதன் பின்னரே பூக்குடலையை எடுத்துக்கொண்டு நெல்லையப்பரைத் தரிசிக்கப் புறப்படுவார்.

ஊர் முகக்கவசத்தை மறந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கோயில் வாசலில் அவரைக் காண்போர் சிலர் புன்னகைப்பர். சிலர் ஒதுங்கி நின்று, அவருக்குத்தான் ஏதோ நோய் என்று எண்ணிக்கொள்வர். ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி மட்டும் வாய்விட்டே கேட்டுவிடுவார்.

"என்ன சார்வாள், கொரோனா ஊரைவிட்டுப் போயி எத்தனை வருசம் ஆச்சு! சாமி கும்பிட வரையிலும் வாயைக் கட்டிக்கிட்டு வாறியளே. நெல்லையப்பர் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு அண்ணாச்சி, நிறைய இருக்கு" என்பதோடு ஆசிரியர் நிறுத்திக்கொள்வார். அந்தச் சுருக்கமான மறுமொழிக்குப் பின்னால் இருப்பதை அவர் கடைத்தெருவில் சொல்ல விரும்பியதில்லை.

2020 மார்ச்சில் தமிழகம் முழுவதும் திருக்கோயில்களில் பக்தர்களுக்கான தரிசனம் நிறுத்தப்பட்டது. நித்திய பூசைகள் நடந்தன. கதவுகள் மட்டும் அடைபட்டிருந்தன. அவ்வாண்டு ஆனித் தேர் ஓடவில்லை. கோபுரத்தை வீதியில் நின்று கும்பிட்டுத் திரும்பிய அந்த நாட்களை நெல்லைவாழ் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் முதல் நாள் நடை திறந்தபோது, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களெல்லாம் நனைந்திருந்தன. ஆசிரியரும் அன்று அழுதார். அக்காலத்தில் எல்லோரையும்போல அவரும் வீதியில் தவறாமல் முகக்கவசம் அணிந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுவார். தம் வீடாயினும், உறவினர் வீடாயினும் அதுவே வழக்கம். உற்றார் முன் முகத்தை மூடிக்கொண்டு அமர்வது மரியாதைக் குறைவு என்று அவருக்குத் தோன்றியது.

2021ஆம் ஆண்டு சித்திரை விசு. கனி கண்டு, கோயிலுக்குச் சென்று, பிரசாதத்தை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் இருந்த தம்பி வீட்டுக்குச் சென்றார். தொண்டையில் முந்தைய நாளிலிருந்து ஒரு சிறு கரகரப்பு. வெயில் நேரத்தில் குளிர்ந்த நீர் குடித்ததன் விளைவு என்று நினைத்தார். தம்பி வீட்டின் முன்னறையில் குளிர்சாதனத்துக்காகச் சன்னல்கள் சாத்தப்பட்டிருந்தன. உடன்பிறந்தார் இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அருகருகே அமர்ந்து பழங்கதை பேசிச் சிரித்தனர். புறப்படும்போது வாசற்படியில் நின்று, வீதிக்காக முகக்கவசத்தை மறக்காமல் அணிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் பூசையின்போது சாம்பிராணியின் மணம் அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. ஆசிரியர் இரண்டு வாரத்தில் எழுந்து அமர்ந்துவிட்டார். முதியோருக்கான தடுப்பூசி அந்த மார்ச் மாதமே வந்திருந்தது. அவர் ஒரு தவணை போட்டிருந்தார். தம்பியோ, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தார். மே மாதத்தில் ஒரு நாள் அதிகாலை மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. உடலைப் பார்க்கவும், தோள் கொடுக்கவும், வாய்க்கரிசி இடவும் அண்ணனுக்கு வாய்க்கவில்லை.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஊரெங்கும் நோய் பரவியிருந்த காலம் அது. தம்பி கடைத்தெருவுக்கும் சென்றிருந்தார், வங்கிக்கும் சென்றிருந்தார். தம்பி மனைவியே, "அத்தான், நீங்க மனசைப் போட்டு வருத்தாதீங்க" என்று கைகூப்பிச் சொன்னார். ஆயினும் ஒரு கேள்வி ஆசிரியரை விட்டு நீங்கவில்லை. காற்றோட்டமான வீதியில் அணிந்த கவசத்தை, காற்றே அசையாத அறையில் ஏன் கழற்றினோம்? தொண்டை கரகரத்த அன்று ஏன் வீட்டிலேயே இருக்கவில்லை?

ஆசிரியரின் முகக்கவசம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. தமக்கு நோய் வந்துவிடும் என்ற அச்சத்தைவிட, தம் மூச்சு இன்னொருவருக்கு நோயாகிவிடக்கூடாது என்ற எண்ணமே அவரிடம் மேலோங்கி நிற்கிறது.

வீட்டில் மற்றொரு காரணமும் உண்டு. அவர் மனைவிக்குப் பல ஆண்டுகளாக முடக்குவாதம். மூட்டுகளின் வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகள் உடலின் எதிர்ப்பாற்றலையும் ஓரளவு தணித்துவிடுகின்றன. அத்தகையோருக்குத் தடுப்பூசி போட்டாலும் அதன் பலன் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு அமையாமல் போகலாம் என்று மருத்துவர் விளக்கினார். 2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அவசரநிலைதான் முடிந்தது, கிருமி எங்கும் போய்விடவில்லை. புதிய புதிய உருவங்களில் அது மனிதரிடையே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலோருக்கு இன்று அது சில நாள் காய்ச்சலோடு போய்விடுகிறது. அந்த அம்மையாரைப் போன்றோருக்கு அப்படிப் போகும் என்று உறுதி கூற முடியாது.

முகக்கவசம் எவ்வாறு காக்கிறது என்பதை ஆசிரியர் தம் பேரனுக்கு ஓர் ஊதுபத்தியைக் கொண்டு விளக்கினார். பூசையறைக் கதவைச் சாத்திவிட்டு ஊதுபத்தி ஏற்றினால், ஏற்றியவர் வெளியேறிய பின்னும் புகை அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். முற்றத்தில் ஏற்றினால் அதே புகை நொடியில் கலைந்துவிடும். நோயுற்றவர் பேசும்போதும், பாடும்போதும், வெறுமனே மூச்சுவிடும்போதும் வெளிப்படும் நுண்துளிகளும் அந்தப் புகையைப் போன்றவையே. ஆகவே அடைத்த இடத்தில் அதிகக் கவனம் வேண்டும். திறந்த வெளியில் அச்சம் குறைவு. சாதாரணத் துணியைவிட மூன்றடுக்கு அறுவைச் சிகிச்சைக் கவசம் நல்லது. அதைவிட முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 நல்லது. எதுவும் முழுக் காப்பு அன்று. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது, அவ்வளவே.

இதை அறிந்தபின் அத்தம்பதியரின் வழிபாட்டு முறை மெல்ல மாறியது. பிரதோஷ மாலையின் நெரிசலில் நிற்பதில்லை. காலையில் நடை திறந்த சிறிது நேரத்தில் கூட்டமில்லாத வேளையில் செல்கிறார்கள். கருவறைக்கு எதிரே நின்று கண்குளிரத் தரிசித்துவிட்டு, நெடிய செபத்தைக் காற்று வீசும் வெளிப்பிராகாரத்தில் அமர்ந்து செய்கிறார்கள். தீர்த்தம் பருகும் கணத்தில் மட்டும் கவசத்தைத் தாழ்த்தி, உடனே உயர்த்திக்கொள்கிறார்கள். பிரசாதம் திறந்தவெளிக்கு வந்த பிறகே. சளியோ காய்ச்சலோ உள்ள நாளில் கோயிலுக்குச் செல்வதே இல்லை. வீட்டுப் பூசையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் சன்னல்களைத் திறந்து மின்விசிறியைச் சுழலவிடுகிறார்கள்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. பேத்தியின் காதணி விழாவில் மண்டபத்துக்குள் உணவருந்தாமல் திரும்பியதற்காக மருமகள் வீட்டார் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆசிரியர் இருபது ஆண்டுகளாகச் சென்றுவந்த திருமுறை ஓதும் குழு, தாழ்வான கூரையுள்ள ஓர் அறையில் கூடி வந்தது. சேர்ந்து பாடும் அறையில் மூச்சின் துளிகள் மிகும் என்பதால், வெளித் திண்ணையில் அமர்ந்து ஓதலாமே என்று அவர் பணிவோடு கேட்டார். சிலர் இசைந்தனர், சிலர் எரிச்சலுற்றனர். முதியவர் ஒருவர், "திருநீலகண்டப் பதிகம் ஓதுகிற வாய்க்கு நோய் வருமா?" என்று கடிந்துகொண்டார். திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பற்றிய குளிர்சுரம் நீங்கப் பாடிய பதிகம் அது. தொற்றுக் காலத்தில் பல இல்லங்களில் ஓதப்பட்டது. ஆசிரியரும் அதை நாள்தோறும் ஓதுபவர்தான். தம்பி நோயுற்றிருந்த நாட்களில் எத்தனை முறை ஓதினார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆகவே அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த வாரம் திண்ணையில் தனியாகவே அமர்ந்து ஓதத் தொடங்கினார். ஒருவர் வந்தார், பின் இருவர். இன்று குழுவில் பாதிப்பேர் திண்ணையில்தான் ஓதுகிறார்கள்.

ஆனால் நம்பிக்கை இல்லையா என்ற கேள்வியை அவர் தம்முள் தட்டிக்கழிக்கவில்லை. நெடுநாள் எண்ணிப் பார்த்தார். முகத்தை மறைத்துக்கொண்டு இறைவன் முன் நிற்பது குற்றமா? நம் மரபிலேயே அதற்கு விடை இருந்தது. பூசைக்குரிய மலரை முகர்ந்து பார்க்கக் கூடாது. திருவிளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. பெரியோர் முன் வாய்புதைத்துப் பேச வேண்டும் என்பவை வீட்டுப் பெண்மணிகள் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் பாடங்கள். ஈழத்தில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்குப் பூசகர் வாயை வெண்துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். கதிர்காமத்திலும் வாய்கட்டிப் பூசை செய்வதே மரபு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியதும், தலைக்குத் தண்ணீர் விடும்வரை வீட்டார் வெளியே செல்லாமலும் வெளியார் உள்ளே வராமலும் இருந்ததும் நம் பாட்டிமார் காத்த ஒழுங்கே. அதைப் பக்திக் குறைவு என்று எவரும் சொன்னதில்லை. அதுவே பக்தியாக இருந்தது.

பாத்திரக்கடை அண்ணாச்சியும் பெரியபுராணம் கேட்டு வளர்ந்தவர். ஒருநாள் அவர் விடாமல் வாதிட்டார். "திருநீலநக்கர் பெஞ்சாதி சுவாமி மேல விழுந்த சிலந்தியை வாயால ஊதித்தானே தள்ளுனா? ஆசாரம் போச்சுன்னு நாயனார் கோவிச்சாரு. ஆனா சுவாமி யார் பக்கம் நின்னாரு? ஊதின இடம் தவிர மத்த இடமெல்லாம் கொப்புளமால்லா காட்டினாரு. அன்பு இருந்தா மூச்சுப் பட்டா என்ன சார்வாள்?"

ஆசிரியர் அன்று மட்டும் நின்று பேசினார். "நீங்க சொல்றது சரிதான் அண்ணாச்சி. குழந்தை மேல சிலந்தி விழுந்தா தாய் பதறுவா இல்லையா? அந்தப் பதற்றத்துல அந்த அம்மா ஊதினாங்க. பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்கன்னு யோசிக்கல. காப்பாத்தணும்னு மட்டும் நினைச்சாங்க. அவங்களுக்கு ஊதுறது அன்பு. எனக்கு ஊதாம இருக்கிறது அன்பு. வீட்டுல ஒருத்தி இருக்கா. தம்பி ஒருத்தன் இல்லாம போயிட்டான்." அவ்வளவுதான் சொன்னார். அண்ணாச்சி அதன்பின் ஒன்றும் பேசவில்லை.

திருநெல்வேலி என்ற பெயரே ஒரு காவலின் கதை. வேதசர்மா என்னும் அந்தணர் யாசித்துப் பெற்ற நெல்லைக் கொண்டு இறைவனுக்குத் திருவமுது படைத்து வந்தார். ஒருநாள் நெல்லைச் சந்நிதி முன் உலரவைத்துவிட்டுத் தாமிரபரணியில் நீராடச் சென்றபோது பெருமழை கொட்டியது. பதறி ஓடிவந்து பார்த்தால், சுற்றிலும் நீர் பெருகிக் கிடக்க, நெல் மட்டும் வேலியிட்டாற்போல் நனையாமல் கிடந்தது. நெல்லுக்கு வேலியிட்ட பெருமான் அன்று மழையை நிறுத்திவிடவில்லை என்பதை ஆசிரியர் தம் மனைவிக்குச் சொல்லுவதுண்டு. மழை ஊரெங்கும் பெய்துகொண்டுதான் இருந்தது. காக்க வேண்டியதைச் சுற்றி ஒரு வேலி எழுந்தது. வேதசர்மாவும், இறைவன் பார்த்துக்கொள்வான் என்று ஆற்றிலேயே நின்றுவிடவில்லை, ஓடிவந்தார். ஓடிவருவது அடியார் கடமை. வேலியிடுவது அவன் கருணை.

2021இலும் ஆனித் தேர் நிலையத்தைவிட்டு அசையவில்லை. ஈராண்டு இடைவெளிக்குப் பின் 2022 ஜூலை 11ஆம் நாள் தேர் மீண்டும் ஓடியபோது நெல்லையே வீதியில் நின்றது. அந்த அம்மையார் மட்டும் வீட்டிலிருந்து வேட்டுச் சத்தத்தைக் கேட்டுக் கும்பிட்டார். 2023இலும் 2024இலும் அப்படியே. ஆயிரமாயிரம் பேர் தோளோடு தோள் உரசி வடம் பிடிக்கும் வீதியில், வலி கொண்ட மூட்டுகளோடும் மெலிந்த எதிர்ப்பாற்றலோடும் நிற்க அவரால் இயலாது. "சுவாமி நம்ம வாசலுக்கு வராட்டாலும் நம்மளை மறக்கமாட்டாரு" என்று அவரே கணவரைத் தேற்றினார். எனினும் தேர்நாள் தோறும் அவர் பட்டுப்புடவை உடுத்துக்கொண்டுதான் கூடத்தில் அமர்ந்திருப்பார்.

2025 மே, ஜூன் மாதங்களில் தொற்று மீண்டும் சற்றே தலைதூக்கியது. முதியோரும் இணைநோய் உள்ளோரும் கூட்டமான இடங்களில் முகக்கவசம் அணிவது நல்லது என்று சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அந்த நாட்களில் ஒருநாள் மாலை, வாசலில் யாரோ இருமும் ஓசை கேட்டது. ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பாத்திரக்கடை அண்ணாச்சி தெருவிலேயே நின்றிருந்தார். மூக்கும் வாயும் மூடிய முகக்கவசம். கையில் ஒரு தூக்குச்சட்டி.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"இல்ல சார்வாள், எனக்கு ரெண்டு நாளா சளி. அக்காவுக்கு ஆகாது. இதைத் திண்ணையில வச்சிட்டுப் போறேன், அக்காவுக்குப் பிடிக்கும்னு சொதி வச்சிருந்தா வீட்டுல." சட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்துகொண்டு, சற்றே தயங்கிப் பேசினார். "தேருக்கு இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள எனக்குச் சரியாயிரும். கடை மொட்டைமாடியில ரெண்டு நாற்காலி போட்டுவைக்கேன். நீங்க ரெண்டு பேரும்தான். வேற யாரையும் மேல ஏத்தமாட்டேன். நானும் கீழதான் நிப்பேன். அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

ஜூலை 8ஆம் நாள் காலையில், ஆட்டோவில் வந்திறங்கி, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, படிக்கொருமுறை நின்று நின்று அந்த அம்மையார் மாடியேறினார். கீழே மனிதத் தலைகள் கடல்போல் அசைந்தன. பிள்ளையார் தேரும் முருகன் தேரும் கடந்தன. பின் தொலைவில், வீதியை அடைத்துக்கொண்டு, மனிதக் கைகளால் மட்டுமே இழுக்கப்படும் அந்தப் பெருந்தேர் அசைந்து திரும்பியது. "நெல்லையப்பா!" என்ற முழக்கம் வீதியின் இந்த முனைவரை ஓடி வந்தது.

மாடியில் நல்ல காற்று. அருகில் வேறு எவரும் இல்லை. தேர் நேரெதிரே வந்தபோது அம்மையார் கணவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். படியேறும்போதும் ஆட்டோவிலும் அணிந்திருந்த முகக்கவசத்தை அம்மையார் மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினார். 2019க்குப் பின் முதன்முறையாக, தேர்மேல் இருந்த பெருமானை நோக்கி, வாய்விட்டு "நெல்லையப்பா" என்று அழைத்தார்.

தேர் கடந்து சென்றபின் கண்களைத் துடைத்துக்கொண்டு முகக்கவசத்தை மறுபடி அணிந்தார். மூக்கின்மேல் கம்பியைக் கணவர் அழுத்திச் சரிசெய்தார். கீழே, கடைவாசலில், அண்ணாச்சி கடலை மிட்டாயும் பானகமுமாக வருவோரை உபசரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் ஒரு முகக்கவசம் இருந்தது. எவரோ அவரைக் கேட்டார்கள்: "என்ன அண்ணாச்சி, கொரோனாதான் போயிட்டே?"

"இருக்கட்டும்வே" என்றார் அண்ணாச்சி. "மாடியில எங்க அக்கா இருக்கா."